‘தி கலர் ஆஃப் ஃப்ரெண்ட்ஷிப்’ உண்மைக் கதையா, பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது: “டிஸ்னி சேனல் எடுத்த ‘தி கலர் ஆஃப் ஃப்ரெண்ட்ஷிப்’ படத்தை ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு பார்க்க நினைக்கிறேன். கதை உண்மையில் நடந்ததா? தென்னாப்பிரிக்க நிறவெறி என்றால் மண்டேலா பெயரைத் தாண்டி எனக்கே ஒன்றும் தெரியாது. அவள் கேட்டால் என்ன சொல்வது? ஏழு வயதுத் தம்பியும் கூட உட்காரலாமா?”

தாராளமாகப் பாருங்கள். கதையின் அடிப்படை உண்மைதான். வரலாற்று ஆசிரியராக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை இரண்டு முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் முறை முன்கதை எதுவும் சொல்லாமல் போட்டேன். பிள்ளைகள் ரசித்தார்கள், கடைசியில் கைதட்டினார்கள், ஆனால் முக்கியமான இரண்டு இடங்கள் அவர்கள் கண்ணில் படவே இல்லை. இரண்டாவது முறை அரை மணி நேரம் பேசிவிட்டுப் போட்டேன். அந்த அரை மணி நேரத்தில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. ஆண்டு 1977. தென்னாப்பிரிக்காவில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண் மாரீ போக். (பெயரைக் கேட்டதும் ‘நம்ம மாரியா சார்?’ என்று என் வகுப்பே மகிழ்ந்தது.) அப்பா போலீஸ்காரர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சில மாதங்கள் அமெரிக்காவில் தங்கிப் படிக்க அவளுக்கு இடம் கிடைக்கிறது. அவளை வரவேற்கப்போவது வாஷிங்டனில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வீடு. உறுப்பினர் என்றால் வெள்ளைக்காரராகத்தானே இருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டுப் பெண் பைப்பர், ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவள் என்றால் கறுப்பினப் பெண்ணாகத்தானே இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் நேரில் பார்த்துத் திகைக்கிறார்கள். மாரீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அங்கிருந்து இரண்டு பேரும் தோழிகளாக ஆவதுதான் கதை.

அந்த நாடாளுமன்ற உறுப்பினர் ரான் டெலம்ஸ் கற்பனைப் பாத்திரம் இல்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட், பெர்க்லி பகுதியிலிருந்து 1970-ல் தேர்ந்தெடுக்கப்பட்டு 1971 முதல் 1998 வரை உறுப்பினராக இருந்தவர். பைப்பர் அவருடைய மகள். தங்கள் வீட்டுக்கு வெள்ளைக்கார மாணவி வந்து தங்கியதைப் பற்றி பைப்பர் எழுதிய சிறுகதையை அடிப்படையாக வைத்துத்தான் படம் எடுத்தார்கள். கெவின் ஹூக்ஸ் இயக்கினார், 2000-ல் ஒளிபரப்பானது, சிறந்த சிறுவர் நிகழ்ச்சிக்கான எம்மி விருதும் வாங்கியது. படத்துக்காகச் சேர்த்ததும் குறைத்ததும் இருக்கும். உரையாடல்களையும் காட்சிகள் வரும் வரிசையையும் அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னணியில் வருகிற, நிறவெறியை எதிர்த்த தலைவர் ஸ்டீவ் பீக்கோவின் கைதும் சாவும் மட்டும் நாள் சொல்லக்கூடிய வரலாறு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மகள் கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘அந்தப் பொண்ணு ஏன் அப்படி நடந்துக்கிறா, கெட்டவளா?’ என்பதாகத்தான் இருக்கும். அவள் வளர்ந்த நாட்டைத் தெரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

நிறவெறி ஆட்சிக்கு அங்கே பெயர் ‘அபார்தைட்’. ஆளும் வெள்ளையர் பேசிய ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல் அது. தனித்தனியாக இருத்தல் என்று பொருள். 1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் இது அரசுக் கொள்கையாயிற்று. அதற்கு முன்பும் அங்கே நிறப்பாகுபாடு இருந்தது. இவர்கள் அதை ஒவ்வொன்றாகச் சட்டமாக்கினார்கள். 1949-ல் கலப்புத் திருமணத்துக்குத் தடை. 1950-ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், ஒவ்வொரு மனிதருக்கும் இன்ன இனம் என்று எழுத்தில் முத்திரை. அதே ஆண்டில் இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்ற குழுப் பகுதிச் சட்டம். 1953-ல் பேருந்து, கடற்கரை, பூங்கா பெஞ்சு, கழிப்பறை எல்லாவற்றையும் பிரிக்கும் சட்டம். அதே ஆண்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிக் கல்விச் சட்டம். ஒருவர் வெள்ளையரா இல்லையா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தால், தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம். பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளையர், நின்றுவிட்டால் இல்லை. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண் தன் தலையில் பென்சிலைச் செருகிப் பார்த்தாள். அவளுடைய சுருட்டை முடியில் அது நின்றது. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதற்குள் வளரும் வெள்ளைக்காரக் குழந்தைக்கு இது அநியாயம் என்று தெரிய வாய்ப்பே இல்லாதபடி ஏற்பாடு செய்திருந்தார்கள். பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும், தெருவில் வெள்ளைக் குடும்பங்கள் மட்டும். தொலைக்காட்சி அந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரியில்தான். நிறவெறியை எதிர்த்துச் சிறையில் இருந்த மண்டேலாவின் படத்தை அச்சிடக்கூடாது, அவர் பேச்சை மேற்கோள் காட்டக்கூடாது. தோட்டக்காரரும் சமையற்காரியும் மட்டுமே கறுப்பினத்தவராகக் கண்ணில் படுவார்கள். ஒரு மருத்துவராகவோ ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ கறுப்பினத்தவரைப் பார்க்காமலே பதினாலு பதினைந்து வயது வரை வளர்ந்துவிடலாம். அதனால்தான் நாடாளுமன்ற உறுப்பினர் வீடு என்றதும் மாரீயின் மனதில் வேறு முகம் தோன்றவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொள்வது வெறுப்பினால் மட்டும் என்று மகளிடம் சொல்லாதீர்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த உலகம் விமான நிலையத்திலேயே உடைந்துபோகிறது, அந்த பயமும் அதில் இருக்கிறது. அதற்காக அவள் செய்தது சரி என்றும் ஆகாது. பைப்பர் அறைக்குள் போய் அவளிடம் கோபமாகக் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள்.

இனி ஃப்ளோரா. இந்தப் படத்தில் நான் அதிகம் மதிக்கும் பாத்திரம் அவர். முதல் முறை போட்டபோது பிள்ளைகள் தவறவிட்டதும் அவரைத்தான். மாரீயின் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண். ஃப்ளோராதான் தன் உயிர்த்தோழி என்று மாரீ மனதார நம்புகிறாள். அன்பாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஃப்ளோராவின் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

1977-ல் அப்படி ஒரு வீட்டில் வேலை செய்த பெண்ணின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. தூங்குவது வீட்டுக்குப் பின்னால், கொல்லைப்புறத்தில், ஒரு சின்ன அறையில். சாப்பிடுவதற்குத் தனியாக ஒரு எனாமல் தட்டு, தனியாக ஒரு எனாமல் கோப்பை. அந்தக் கோப்பையில் வீட்டார் குடிக்கமாட்டார்கள், வீட்டார் கோப்பையில் அவர் குடிக்கக்கூடாது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கே சமைப்பது அவர் கை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அவர் கை. தாய் வைத்த பெயரை எசமானியம்மாவால் உச்சரிக்க முடியவில்லை என்று சுலபமான ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவார்கள். ஐம்பது வயதானாலும் அவர் ‘கேர்ள்’தான், தோட்டக்காரர் ‘பாய்’தான்.

கையில் எப்போதும் பாஸ் புத்தகம் இருக்கவேண்டும். ‘டோம்பாஸ்’ என்று மக்கள் அதைத் திட்டுவார்கள், முட்டாள் பாஸ் என்று அர்த்தம். அனுமதி இல்லாத கறுப்பினத்தவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் குற்றம். வேலை கொடுத்தவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஊரில் நடமாட முடியும். பெண்கள் மீதும் இதைத் திணித்தபோது 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகம் வரை ஊர்வலமாகப் போனார்கள். அப்படியும் பாஸ் வந்தது. வேலைக்காரப் பெண்ணின் சொந்தப் பிள்ளைகள் அவரோடு அந்த வீட்டில் தங்கச் சட்டம் இடம் கொடுக்காது. அவர்கள் எங்கோ தூரத்துக் கிராமத்தில் பாட்டியிடம் வளர்வார்கள், அம்மாவை வருடத்துக்கு ஓரிரு முறை பார்ப்பார்கள். இன்னொருத்தியின் குழந்தையைத் தூக்கி வளர்க்கிற சம்பளத்தில்தான் தன் குழந்தைக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும்.

இப்போது ‘நீதான் என் சிறந்த தோழி’ என்று ஃப்ளோராவிடம் ஒரு சிறுமி சொல்வதை நினைத்துப் பாருங்கள். சொல்பவள் மனதில் கள்ளம் இல்லை. கேட்பவர் ‘இல்லை’ என்று சொல்ல முடியுமா? சொன்னால் கையெழுத்து போகும், கையெழுத்து போனால் ஊரே போகும். ‘இல்லை’ சொல்ல முடியாதவரின் அன்பை எப்படி நம்புவது என்ற கேள்வியை இந்தப் படம் ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறது. பைப்பரால் ‘இல்லை’ சொல்ல முடியும். கத்த முடியும், முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். அதனால்தான் அவளோடு உண்டாவது நட்பு. மகளோடு பார்க்கும்போது ஆரம்பக் காட்சிகளில் ஃப்ளோராவின் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கடைசியில் மாரீ ஊர் திரும்பி, கோட்டின் உட்புறம் தைத்து வைத்திருக்கும் கறுப்பின விடுதலைக் கொடியை அவரிடம் மட்டும் காட்டும் இடத்தில் மறுபடியும் அந்த முகத்தைப் பாருங்கள்.

அடுத்தது பீக்கோ. படத்தில் மாரீயின் அப்பா அவர் பிடிபட்டதற்கு மகிழ்கிறார். யார் இவர், ஏன் மகிழவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரியாது. ஸ்டீவ் பீக்கோ 1946-ல் பிறந்தவர், டர்பனில் மருத்துவம் படிக்கப் போனவர். வெள்ளையரின் சட்டம் விழுவதற்கு முன்னால், ‘நாம் தாழ்ந்தவர்கள்’ என்று கறுப்பினத்தவரின் மனதில் விழுந்திருக்கும் எண்ணம் விழவேண்டும் என்று சொன்னார். கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் என்று அதற்குப் பெயர். 1973-ல் அரசு அவருக்குத் தடை விதித்தது. கிங் வில்லியம்ஸ் டவுன் என்ற ஊரை விட்டு வெளியே போகக்கூடாது, கூட்டத்தில் பேசக்கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சிடக்கூடாது.

1976 ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் படிக்கவேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து. போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் ஓட, பக்கத்தில் அக்கா அழுதுகொண்டே ஓடும் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுதான் ஹெக்டருக்கு. கதை நடப்பது அதற்கு அடுத்த ஆண்டு. மாரீயின் அப்பா அந்தக் காலத்துப் போலீஸ்காரர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், வீட்டுக் காட்சிகளின் அமைதி வேறு மாதிரி தெரியும்.

1977 ஆகஸ்ட் 18 அன்று சாலையில் மறித்து பீக்கோவைப் பிடித்தார்கள். போர்ட் எலிசபெத்தில் விலங்கு போட்டு வைத்து, செப்டம்பர் 6 அன்று விசாரித்தபோது தலையில் பலத்த அடி. செப்டம்பர் 11 அன்று, உடம்பில் துணி இல்லாமல், லேண்ட் ரோவர் வண்டியின் பின்புறம் தரையில் கிடத்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பிரிட்டோரியாவுக்கு ஓட்டிப்போனார்கள். மறுநாள் இறந்தார். வயது 30. உண்ணாவிரதம் இருந்தார் என்று முதலில் கதை கட்டிய அமைச்சர் ஜிம்மி குரூகர், கட்சிக் கூட்டத்தில் இந்தச் சாவு தன்னைப் பாதிக்கவில்லை என்று சொன்னார். நீதி விசாரணையில் யார் மீதும் குற்றம் இல்லை என்று தீர்ப்பு. அந்த அக்டோபர் 19 அன்று 18 அமைப்புகளைத் தடை செய்தார்கள். நவம்பர் 4-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கக்கூடாது என்று எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தடையைக் கொண்டுவந்தது.

படத்தில் இந்தச் சாவுச் செய்தி வரும் இடம்தான் உச்சம். தென்னாப்பிரிக்கத் தூதரகத்து ஆட்கள் வந்து மாரீயை அழைத்துப் போய்விடுகிறார்கள். ரான் டெலம்ஸ் தூதரகத்துக்கே போய்ச் சண்டை போட்டு அவளை மீட்டு வருகிறார். திரும்பி வந்தவள் பீக்கோவுக்காக இவர்கள் ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்று புரியாமல் பேச, பைப்பர் வெடிக்கிறாள். அதுவரை சேர்ந்து கடைக்குப் போனதும் சிரித்ததும் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் நொறுங்கிப்போகிறது. உள்ளே கிடக்கும் பெரிய விஷயத்தைத் தொடாமல் எவ்வளவு தூரம் தோழிகளாக இருந்துவிட முடியும் என்று படம் கேட்பது இங்கேதான். இந்தக் காட்சியைப் பாதியில் நிறுத்தாதீர்கள், முழுசாக ஓடட்டும்.

ரான் டெலம்ஸ் பற்றி ஒரு விஷயம் படத்தில் இல்லை, எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ் புத்தகத்தில் ஒட்டும் புகைப்படத்தை உடனுக்குடன் எடுக்கப் பயன்பட்டது அமெரிக்க போலராய்டு கேமரா. 1970-ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பின ஊழியர்கள், தங்கள் அலுவலகத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறைக்கான அடையாள அட்டை மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டார்கள். எதிர்ப்புத் தொடங்கினார்கள், வேலை போயிற்று, விடவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1977-ல், போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. நிறவெறி நாட்டில் அமெரிக்கக் கம்பெனிகள் முதலீடு செய்யக்கூடாது என்று டெலம்ஸ் 1972-லேயே மசோதா கொண்டுவந்தார். தோற்றது. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1986-ல் பொருளாதாரத் தடைச் சட்டம் நிறைவேறியபோது அதிபர் ரீகன் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். கீழவை 313-க்கு 83 என்றும், மேலவை 78-க்கு 21 என்றும் வாக்களித்து அவரை மீறிச் சட்டமாக்கின. படத்தில் வீட்டு மேசையில் பேசிக்கொண்டிருக்கும் அந்த அப்பா பதினான்கு ஆண்டுகள் பிடித்த பிடி அது. மண்டேலா 1990 பிப்ரவரி 11-ல் விடுதலையாகி, அமெரிக்காவைச் சுற்றிவிட்டுக் கடைசியாகப் பேசிய இடங்களில் ஒன்று டெலம்ஸின் ஊரான ஓக்லண்ட்.

‘நாம அங்கே இருந்திருந்தா எந்தப் பக்கம்?’ என்று மகள் கேட்கக்கூடும். என் வகுப்பில் கேட்டார்கள். இதற்கு ஊகம் தேவையில்லை, நம்மவர்கள் அங்கே இருந்தார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் டர்பனில் சேர்ந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் குழுப் பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வர்த் என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்தது. பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தால் படிக்கட்டு புரியும்: 1975-76-ல் அரசு ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 644 ரேண்ட் (அந்த நாட்டு நாணயம்), இந்தியப் பிள்ளைக்கு 189, கலப்பினப் பிள்ளைக்கு 139, கறுப்பினப் பிள்ளைக்கு 42 ரேண்ட் செலவழித்தது. நடுப்படியில் நிற்பவன் கீழே இருப்பவனோடு சேரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. பீக்கோ ‘கறுப்பர்’ என்ற சொல்லுக்குள் இந்தியரையும் கலப்பினத்தவரையும் சேர்த்தார். டர்பனைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்றவர்கள் அவரோடு நின்று, 1976-ல் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். மூட்லி என்பது நம் முதலிதான்.

படத்தின் குறையையும் சொல்லவேண்டும். மாரீ சில மாதங்களில் மாறிவிடுகிறாள், படம் அந்த மகிழ்ச்சியோடு முடிகிறது. அவள் மாறுவதற்காகக் கறுப்பினக் குடும்பம் ஒன்று பொறுத்துக்கொள்கிறது, சமைத்துப் போடுகிறது, சொல்லிக்கொடுக்கிறது, அழுகிறது. ஃப்ளோராவின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. பாஸ் சட்டம் ஒழிய 1986 ஆயிற்று, எல்லாரும் வாக்களித்த தேர்தல் வர 1994 ஏப்ரல் ஆயிற்று. ஃப்ளோரா மாதிரி ஒரு பெண் அந்த வரிசையில் நிற்க இன்னும் பதினேழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை மகளிடம் மறைக்கவேண்டாம், பதினோரு வயதுக்கு இது தாங்கும்.

சரி, தம்பி. அடிதடியோ ரத்தமோ பயமுறுத்தும்படி காட்டவில்லை. ஆனாலும் ஏழு வயதுக்குப் பேச்சுதான் அதிகம், அலுத்துப்போய் நடுவில் எழுந்து ஓடுவான். முதல் அரை மணி நேரம், மாரீ வந்து இறங்கி, கதவைத் திறந்து, சாப்பிட வரும் வரைக்கும் அவனை உட்கார வையுங்கள். அந்தப் பகுதி அவனுக்கும் பிடிக்கும். பீக்கோவின் சாவுச் செய்தி வருவதற்கு முன்னால் தூங்க அனுப்பிவிட்டு, மிச்சத்தை நீங்களும் மகளும் பாருங்கள்.